அட்மிஷன் படிவத்தில் இரண்டு வரி இடம் கேட்டு ஒரு திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், மருத்துவ, செவிலியப் பாடத்திட்டங்களை வகுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

உங்கள் அட்மிஷன் படிவத்தில் பெயர், வயது, பாலினத்துக்குக் கீழே 'மதம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகளாக வார்டில் வேலை பார்க்கிறேன். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் ஒருவரைக்கூட உள்ளே எடுத்ததில்லை. நிரப்பியதை யாராவது படித்துப் பார்த்த நாளும் இல்லை. ரவுண்ட்ஸில் சோடியம் எவ்வளவு, மூத்திரம் எவ்வளவு போனது என்றெல்லாம் வரிவரியாகப் படிக்கிறோம். மதத்தைப் படிப்பதில்லை. படித்தாலும் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது என்பது வேறு விஷயம். ஒரே சொல்லை எழுதிக் கொடுத்த இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பார்கள். ஒருவர் ஆபரேஷனுக்கு முன்னால் தனியாக அரை மணி நேரம் கேட்பார். மற்றவர், "அதெல்லாம் எனக்கு வேண்டாம் சிஸ்டர், சீக்கிரம் முடிச்சு அனுப்புங்க" என்பார்.

நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுத, அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு வரி இடம் விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஏன் கேட்கிறேன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் பங்குத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷமோ நான்காவது வருஷமோ. காலை ஏழரைக்கு முதல் கேஸ். தியேட்டரிலிருந்து இரண்டு தடவை ஃபோன் வந்துவிட்டது. நோயாளிக்கு ஐம்பது வயதுக்கு மேல், பித்தப்பை ஆபரேஷன். கவுன் மாட்டியாயிற்று, பல்செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டாயிற்று, மோதிரமும் சோப்பு போட்டுக் கழற்றியாயிற்று. வலது மணிக்கட்டில் மட்டும் ஒரு கயிறு. என்ன நிறம் என்றே தெரியாத அளவுக்கு அழுக்கேறி, முடிச்சு இறுகி, தோலோடு தோலாகக் கிடந்தது. தியேட்டருக்குள் கயிறு போகக் கூடாது என்பது விதி. விதியில் பிழையில்லை. பழைய கயிற்றில் கிருமி இருக்கும், ஊசி ஏற்றவும் இடைஞ்சல். நான் ட்ராலியிலிருந்து கத்தரியை எடுத்தேன். ஒரே வெட்டு. பஞ்சும் பிளாஸ்திரித் துண்டும் கிடந்த கழிவுத் தொட்டியில் போட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோது கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

தியேட்டர் வாசலில் பி.பி. 180-க்கு மேல். மயக்க மருந்து டாக்டர் கேஸை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார். "நேத்து நார்மலா இருந்ததே, என்ன ஆச்சு?" என்று என்னைத்தான் கேட்டார். எனக்குத் தெரியும். தெரியாது என்றேன்.

சாயங்காலம் அவருடைய மகள் சொன்னார். பத்தொன்பது வயதில் அவர் காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது அவருடைய அம்மா கட்டிவிட்ட கயிறு அது. நூல் இற்றுப்போகும்போதெல்லாம் புது நூலைச் சேர்த்துத் திரித்துக்கொள்வாராம். அம்மா போட்ட முடிச்சை மட்டும் அவிழ்த்ததே இல்லையாம். அந்த அம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. தொட்டியைத் தேடிப் போனேன். வண்டி வந்து எடுத்துப் போயிருந்தது.

அந்தக் கயிற்றில் சாமி எவ்வளவு, அம்மா எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்? படிவத்தில் அவர் எழுதிய மதத்தைப் படித்திருந்தாலும் எனக்கு இது தெரிந்திருக்காது. "இது என்னங்க, எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் உறை இரண்டு என் பையில் எப்போதும் இருக்கிறது. முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் வெட்டி, உறைக்குள் போட்டு, பெயர் எழுதி வீட்டாரிடம் கொடுக்கிறேன். வீட்டார் இல்லாவிட்டால் கேஸ் ஷீட்டோடு ஒட்டிவைக்கிறேன். மொத்தமே ஒரு நிமிஷ வேலை.

நாம் கழிவு என்று எதைச் சொல்கிறோம் என்பதிலேயே ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய மொழியில் 'ஃபெனுவா' என்ற ஒரே சொல் நிலத்தையும் நஞ்சுக்கொடியையும் குறிக்கும். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியைத் தங்கள் மண்ணில் புதைப்பது அவர்கள் வழக்கம். எரிப்பதற்காக நாம் பையில் கட்டிப் போடுவது அவர்களுக்குப் பிள்ளையை ஊரோடு சேர்த்துக் கட்டும் கயிறு. அங்குள்ள மருத்துவமனைகளில் இப்போது பிரசவத்துக்கு முன்பே கேட்டு, வேண்டும் என்பவர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். தானாக வந்த மாற்றம் இல்லை இது. இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி செவிலியர் பல ஆண்டுகள் வாதாடினார். 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்று அவர் முன்வைத்த கருத்து 1992-இல் அந்த நாட்டுச் செவிலியர் பாடத்திட்டத்தில் ஏறியது. அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு: கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அதைப் பெற்றுக்கொண்டவர்தான். கொடுத்தவர் தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ள முடியாது. அன்றைக்கு நான் கையுறை போட்டிருந்தேன், விதிப்படி நடந்தேன், தொட்டியும் சரியான தொட்டிதான். என்னைக் கேட்டால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன்.

சரி, அந்த இரண்டு வரியில் எதை எழுதுவது? புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 1978-லேயே சில கேள்விகளை எழுதிவைத்துவிட்டார்கள். உங்களுக்கு இந்த நோய் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் இப்போது வந்தது? இது உங்களை என்ன செய்கிறது? இதில் உங்களுக்கு மிகவும் பயம் எது? என்ன வைத்தியம் செய்தால் சரியாகும் என்று நினைக்கிறீர்கள்? இப்படிப் போகும். ஐந்து நிமிஷத்தில் கேட்டுவிடலாம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புத்தகத்தில் இருக்கிற கேள்விகளை நான் படித்த காலத்தில் எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தேர்வில் வராதே!

இந்தக் கேள்விகளைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் மெர்சிட் நகரில் நடந்ததை உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த, மோங் இனத்தைச் சேர்ந்த குடும்பம். 1982-இல் பிறந்த லியா லீ என்ற பெண் குழந்தைக்குச் சில மாதங்களிலேயே வலிப்பு வந்தது. பெற்றோர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் வலிப்பு நின்றுவிட்டது. அவர்கள் மொழி தெரிந்த ஆள் அங்கே இல்லை. இருமலுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு வலிப்பு என்று தெரிந்தது, நல்ல டாக்டர்கள் கிடைத்தார்கள், மருந்துகள் மாறி மாறி வந்தன. பெற்றோருக்கு அந்தச் சீட்டைப் படிக்கத் தெரியாது. அவர்கள் கணக்கில் அது உயிர் பயந்து உடம்பை விட்டு ஓடியதால் வந்த நோய். அக்காள் கதவை ஓங்கிச் சாத்திய சத்தத்தில் பயந்தது என்று நம்பினார்கள். அவர்கள் மொழியில் அந்த நோயின் பெயரே, ஆவி பிடிக்கிறது, நீ விழுகிறாய் என்பதுதான். பயப்பட வேண்டிய நோயாக நினைத்த அதே சமயம், அது வந்தவரிடம் ஏதோ விசேஷம் இருக்கிறது என்றும் நினைத்தார்கள். மருந்தால் பிள்ளை இன்னும் மோசமாகிறாள் என்று பட்டபோது கொடுக்காமல் விட்டார்கள். மருத்துவர்கள் சட்டத்தின் உதவியை நாட, குழந்தையை வீட்டிலிருந்து பிரித்து வளர்ப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். 1986-இல் பெரிய வலிப்பும் ரத்தத்தில் தொற்றும் சேர்ந்து வந்து மூளை பெரும்பாலும் செயலிழந்தது, நினைவு திரும்பவில்லை. வீட்டார் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 2012 வரை உயிரோடு இருந்தாள்.

இதில் வில்லன் யாரும் இல்லை. டாக்டர்கள் அக்கறையானவர்கள், பெற்றோர் பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தார்கள். "எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்?" என்ற கேள்வி மட்டும் நேரத்துக்கு வரவில்லை. அதே மெர்சிட் நகரில் 2009 வாக்கில், மோங் பூசாரிகள் வார்டுக்குள் வந்து நோயாளியின் பக்கத்தில் இருந்து சில சடங்குகளைச் செய்யலாம் என்று ஒரு மருத்துவமனை எழுத்துபூர்வமான கொள்கையே கொண்டுவந்தது. ஆன்டிபயாடிக்கை நிறுத்தச் சொல்லவில்லை. டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் அவர் மந்திரம் சொல்வார், அவ்வளவுதான்.

'ஒத்துழைக்காத நோயாளி' என்று நாம் எழுதுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரம்ஜான் நோன்பில் சர்க்கரை நோயாளிகள் என்ன செய்கிறார்கள் என்று 13 நாடுகளில் நடத்திய ஆய்வு 2004-இல் வெளிவந்தது. டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 79 சதவீதம் பேர் குறைந்தது பதினைந்து நாளாவது நோன்பு இருந்திருக்கிறார்கள். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது அந்த மாதத்தில் பல மடங்கு கூடியது. நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு குர்ஆனிலேயே இருக்கிறது. ஆனால் வீடு முழுக்க நோன்பிருக்கும்போது தனியாக ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுவது என்ன பாடு என்று சாப்பிட்டவருக்குத்தான் தெரியும். "நோன்பு வைக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினால் தலையாட்டிவிட்டுப் போய் நோன்பும் வைப்பார், ஊசியையும் தன் இஷ்டத்துக்குக் குறைப்பார். "இந்த வருஷம் நோன்பு வைக்க நினைக்கிறீங்களா?" என்று ஒரு மாதம் முன்னாலேயே கேட்டால் பேச்சு வேறு மாதிரிப் போகும். மருந்தை எந்த நேரத்துக்கு மாற்றலாம், யார் கட்டாயம் வைக்கக் கூடாது, சர்க்கரை எவ்வளவுக்குக் கீழே போனால் உடனே நோன்பை முறிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் இப்போது சர்வதேச வழிகாட்டுதல்களே இருக்கின்றன. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று சொல்ல மார்க்க அறிஞர் ஒருவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, எங்கள் வார்டிலேயே நடந்தது. புற்றுநோய் முற்றிய பெரியவர், வலிக்கு மார்ஃபின் எழுதியிருந்தார்கள். விடியற்காலை டோஸை மட்டும் வாங்க மாட்டார். மற்ற வேளையெல்லாம் மறுப்பில்லாமல் வாங்குவார். கேஸ் ஷீட்டில் மூன்று நாள் தொடர்ந்து 'மறுத்தார், மறுத்தார், மறுத்தார்' என்று எழுதியிருந்தோம். நாலாவது நாள் பயிற்சிக்கு வந்திருந்த பெண்பிள்ளை ஒருத்தி, எங்களைப் போல அனுபவம் இல்லாததாலோ என்னவோ, "ஏன் தாத்தா?" என்று கேட்டுவிட்டாள். விடியலில் அவர் ஒரு மணி நேரம் ஜபம் செய்வாராம். அந்த நேரத்தில் புத்தி தெளிவாக இருக்க வேண்டும், வலி இருந்தாலும் பரவாயில்லை என்றார். போகிற நேரத்திலும் அப்படியே தெளிவாகப் போக வேண்டும் என்றார். சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நாலு மணி நேரம் வேலை செய்யும். டாக்டர் முந்தைய டோஸை முன்னே நகர்த்தி, அடுத்ததை ஜபம் முடிந்த கையோடு கொடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு டோஸ்கூட விடவில்லை. மூன்று நாள் நாங்கள் எழுதியது பொய்யில்லை, மறுத்தார்தான். அதற்குப் பக்கத்தில் 'ஏன்' என்று எழுத ஒரு இடம் இருந்திருந்தால் முதல் நாளே யாராவது கேட்டிருப்போமோ என்னவோ.

வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை என்பதை நமக்கு எழுதிக் கொடுத்தவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராக இருந்து, மருத்துவ சமூகப் பணியாளராகி, பிறகு டாக்டருக்குப் படித்து, 1967-இல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கியவர். வலியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அவர் கேட்டதற்கு நோயாளிப் பெண் ஒருவர், முதுகில்தான் ஆரம்பித்தது, இப்போது நானே முழுக்கத் தப்பாகிவிட்ட மாதிரி இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னாராம். அங்கிருந்துதான் 'முழு வலி' என்ற எண்ணம் வளர்ந்தது. உடம்பு, மனசு, குடும்பம், ஆன்மா நான்கையும் சேர்த்துப் பார்ப்பது. உலக சுகாதார நிறுவனம் தணிப்பு மருத்துவத்துக்கு 2002-இல் கொடுத்த விளக்கத்தில் ஆன்மிகத் துயரமும் இருக்கிறது. ஆரோக்கியத்துக்கு 1946-இல் கொடுத்த பொது விளக்கத்தில் உடல், மனம், சமூகம் மூன்றுதான். நாலாவதாக ஆன்மிகத்தையும் சேர்க்கலாம் என்று 1998-இல் அதன் நிர்வாகக் குழுவில் பேச்சு வந்தது, நிறைவேறவில்லை. சொல்லைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிடு மணி அடிக்கிறவருக்கு அந்த விவாதம் தெரியாது.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்திப் பிரசாரம் என்று நினைப்பீர்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. மந்திரத்தால் கட்டி கரையும் என்று நான் நம்பவில்லை. ஜெபம் நோயைக் குறைக்குமா என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்காக முன்பின் தெரியாதவர்கள் ஜெபித்தார்கள். பலன் ஒன்றும் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், 'உனக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள்' என்று சொல்லப்பட்ட குழுவில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. ஜெபிப்பார்களா மாட்டார்களா என்று தெரியாமல் இருந்தவர்களுக்கு அதைவிடக் குறைவு. 'ஜெபிக்கிற அளவுக்கா என் நிலைமை மோசம்!' என்று பயந்திருப்பார்களோ என்றுகூட அப்போது சிலர் விளக்கம் சொன்னார்கள். ஆகவே ஜெபத்தை மருந்துச் சீட்டில் எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. நோயாளி கேட்காமல் டாக்டரோ சிஸ்டரோ அவர் காதில் வசனம் ஓதுவதும் எனக்குச் சம்மதமில்லை. படுத்துக்கிடக்கிறவர் எழுந்து போக முடியாது, அதைப் பயன்படுத்திக்கொள்வது நியாயமா? முகப்பில் பெரிய தியான மண்டபம் கட்டிவைத்து விளம்பரத்தில் போட்டுவிட்டு, வார்டில் ஐம்பது பேருக்கு ஒரு சிஸ்டரை நிறுத்துகிற நிர்வாகங்களைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் மடல் திசைமாறிவிடும்.

நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இந்த இரண்டு வரி வேண்டும். நெதர்லாந்தின் மருத்துவமனைகளில் பாதிரியார், இமாம் ஆகியோரோடு எந்த மதமும் சாராத மனிதநேய ஆலோசகர்களும் வேலையில் இருக்கிறார்கள். 'ஏன் எனக்கு?' என்ற கேள்வி கடவுளிடம்தான் கேட்கப்பட வேண்டும் என்று சட்டமா என்ன?

நம்பிக்கைக்கு இடம் கொடுத்தால் மூடநம்பிக்கையும் கூடவே நுழைந்துவிடுமே என்று உங்களில் பலர் கேட்பீர்கள். நியாயமான பயம். தர்காவில் குணமாகும் என்று நம்பி மனநோயாளிகளைக் கூட்டிவரும் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகிச் செத்தார்கள். கட்டிவைத்தால் குணமாகும் என்று யாராவது சொன்னால் அங்கே மரியாதை, பண்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை, சங்கிலியை அறுக்க வேண்டும். பிள்ளைகள் விஷயத்திலும் எனக்குக் குழப்பமில்லை. வயது வந்த ஒருவர், தன் மதம் தடுக்கிறது என்று தெளிந்த புத்தியோடு ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்றால் அது அவர் உடம்பு. ரத்தமில்லாமல் என்ன செய்ய முடியும் என்று பார்ப்பதுதான் நம் வேலை. தன் குழந்தைக்கு ஏற்றக் கூடாது என்றால் கதை வேறு. பெற்றோர் தாங்கள் தியாகியாவது அவர்கள் சுதந்திரம், பிள்ளையையும் தியாகியாக்க முடியாது என்ற கருத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944-லேயே சொல்லிவிட்டது.

ஆனால் ஏர்வாடியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொன்றும் தோன்றும். அந்தக் குடும்பங்கள் அங்கே போனது நம்பிக்கையால் மட்டும்தானா? மனநோயோடு போனால் உட்காரவைத்துப் பேசுகிற இடம் வேறு எங்கே இருந்தது? குஜராத்தில் உனாவா என்ற ஊரில் மீரா தாத்தார் தர்காவில் 'தவா-துவா' என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. ஓதிவிடுகிறவர்களுக்கு மனநோயின் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்து, வருகிறவர்களை அந்த வளாகத்திலேயே இருக்கும் டாக்டரிடமும் அனுப்பச் செய்தார்கள். ஓதுகிறவர் சொன்னால் மாத்திரை உள்ளே இறங்குகிறது. நாம் சொல்வதைவிட அவர் சொல்வதற்கு அங்கே எடை அதிகம் என்பதை ஒப்புக்கொண்டதால் வந்த பலன்.

எபோலா காலத்திலும் இதையேதான் பார்த்தோம். 2014-இல் கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளிலும் இறந்தவர் உடலைக் கழுவிக் குளிப்பாட்டும் சடங்கு நோயைப் பரப்பியது. உண்மை. அதனால் முகமூடியும் வெள்ளை அங்கியும் போட்டவர்கள் வந்து உடலைப் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டார் என்ன செய்வார்கள்? உடலை ஒளித்தார்கள், ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்தார்கள், நோய் இன்னும் பரவியது. மானிடவியலாளர்களையும் மதத் தலைவர்களையும் உட்காரவைத்துப் பேசிய பிறகு உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டின் இறுதியில் புது நடைமுறை கொண்டுவந்தது. 'பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்' என்று பெயர். உடலைத் தொடக் கூடாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் குடும்பத்தார் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை சொல்லலாம், கழுவுவதற்குப் பதிலாகத் தண்ணீரில்லாத மாற்றுச் சடங்கு செய்யலாம், புதைத்த இடம் எது என்று அவர்களுக்குத் தெரியும். மறைப்பதற்கான காரணம் அங்கே குறைந்தது. 11,000-க்கும் மேற்பட்டோர் இறந்த நோயில், கிருமியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அழுகையைப் பற்றித் தெரிந்துகொள்ள இத்தனை மாதம் ஆயிற்று.

பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, 'இந்த மதத்தவர் இப்படி, அந்த இனத்தவர் அப்படி' என்று அட்டவணை போட்டு ஒரு பாடம் சேர்த்துவிடாதீர்கள். நான் பயப்படுவதே அதற்குத்தான். அட்டவணையைப் படித்துத் தேர்வு எழுதிவிட்டு வருகிறவர் கேள்வியே கேட்க மாட்டார், விடை முன்னமே தெரியும் என்று நினைத்துக்கொள்வார். மெலனி டெர்வலோன், ஜான் மரே-கார்சியா என்ற இரண்டு மருத்துவர்கள் 1998-இல் 'பண்பாட்டுப் பணிவு' என்று ஒரு சொல்லைக் கொடுத்தார்கள். அடுத்தவர் பண்பாட்டில் தேர்ச்சி பெற்றுவிட்டேன் என்ற நினைப்பே தவறு, காலம் முழுக்கக் கற்றுக்கொள்கிற விஷயம் அது என்பது அவர்கள் வாதம். பாடம் வைப்பதானால் கேட்பதற்குப் பயிற்சி கொடுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் பயிற்சி கொடுங்கள். எனக்கு இருபத்திரண்டு வருஷம் கழித்தும் அது சரியாக வரவில்லை.

நிர்வாகத்துக்கும் சில வேண்டுகோள்கள். அந்த ஐந்து நிமிஷத்தை வேலையாகக் கணக்கிடுங்கள். பேசிக்கொண்டு நின்றால் 'சும்மா நிற்கிறாள்' என்று எழுதுகிற சூப்பர்வைசர் இருக்கிறவரை எந்தப் படிவமும் நிரம்பாது. மொழி தெரியாத நோயாளி வந்தால் அவருடைய பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அம்மாவுக்கு இருப்பது புற்றுநோய் என்று அந்தப் பிள்ளை வாயால் சொல்லவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபாரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது, பல மாத்திரைக் கூடுகள் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து காய்ச்சிய ஜெலட்டின். அவசரமில்லாத நேரத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள், பெரும்பாலோர் 'உயிருக்காகத்தானே, பரவாயில்லை' என்றுதான் சொல்வார்கள். பிறகு தெரியவந்தால்தான் நம்மை மன்னிக்க மாட்டார்கள். எழுதுவதற்கு முன்பு, 'இதை எழுதிக்கொள்ளலாமா, மற்ற டாக்டர்களும் படிப்பார்கள்' என்று அனுமதியும் கேட்க வேண்டும். ராத்திரியில் நம்பிச் சொன்னது காலை ரவுண்ட்ஸில் பத்து மாணவர்கள் முன்னால் உரக்கப் படிக்கப்படுவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நாற்பது வயதுப் பெண், காசநோய். ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "சிஸ்டர், செஞ்ச பாவத்துக்கு வர்ற நோய்க்கு மருந்து சாப்பிட்டா, தண்டனை பாக்கி நின்னுடாதா?" என்றார். எந்தப் பாவம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்படியெல்லாம் இல்லைம்மா, இது கிருமி, தூங்குங்க என்றேன். அது சரியான பதில்தான், பாடத்தில் உள்ள பதில். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், தண்டிக்கிறார் என்றெல்லாம் மனதுக்குள் போராடிக்கொண்டிருக்கும் வயதான நோயாளிகளுக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்று 596 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2001-லேயே வந்திருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

காலையில் அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்-ஓவரில், 'ஒன்பதாம் பெட், ராத்திரி தூங்கவில்லை' என்று எழுதினேன். தூக்க மாத்திரை சேர்த்தார்கள். நாலு நாளில் டிஸ்சார்ஜ். பெட்ஷீட் மாற்றப் போன ஆயாம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தலையணை உறைக்குள் ஒரு காகிதத்தில் மடித்து, கொடுத்த மாத்திரைகள் அத்தனையும் இருந்தன. தூக்க மாத்திரையும் சேர்த்து.

படிவம் அடுத்த தடவை அச்சுக்குப் போகும்போது அந்த இரண்டு வரி இடத்தை விட்டு அனுப்புங்கள். ஒன்பதாம் பெட்டுக்கு நான் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான், இரண்டு வரியில் அடங்கும்: 'நோயைத் தண்டனை என்று நினைக்கிறார். மாத்திரையை விழுங்கும்வரை பக்கத்தில் இருக்கவும், பேசவும்.'

இப்படிக்கு,
ஒரு வார்டு சிஸ்டர்